ஜிப்ஸி கியர் பாக்ஸை வீட்டில் பிரித்துப் பூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்ஜின் வேலையில் தப்பு செய்தால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டார்ட் ஆகாது, புகை விடும், ஆயில் பிரஷர் விளக்கு எரியும். கியர் பாக்ஸ் அப்படி இல்லை. ஒரு ஹப்பைத் திருப்பிப் போட்டாலும் மூடிக்கொள்ளும். ஒரு சின்ன பின்னை விட்டுவிட்டாலும் மூடிக்கொள்ளும். போல்ட் எல்லாம் ஒழுங்காக ஏறும், துடைத்து வைத்தால் புதுசு மாதிரி மின்னும். வண்டிக்கு அடியில் ஏற்றி, ஆயில் ஊற்றி, தெருமுனை வரை ஓட்டிய பிறகுதான் விஷயம் தெரியவரும். அதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும்.

என்னிடம் இருப்பது ஜிப்ஸி கிங். 1985இல் மாருதி கொண்டுவந்த முதல் ஜிப்ஸியில் நாலு கியர். 1996இல் வந்த கிங்கில் 1.3 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும். வீட்டு வேலைக்கு இது வசதியான வண்டி. நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி கியர் பாக்ஸோடு ஒட்டி இல்லாமல், ஒரு குட்டி புரொபெல்லர் ஷாஃப்டுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறது. அதனால் அலுமினிய கியர் பாக்ஸை மட்டும் இரண்டு பேர் சேர்ந்து இறக்கிவிடலாம். நான் மூன்று முறை இறக்கி ஏற்றியிருக்கிறேன். அதில் இரண்டு முறை இறக்கியே இருக்க வேண்டியதில்லை. இங்கே சொல்வதில் பாதி அந்த இரண்டு முறையில் கற்றது. ஜிப்ஸியை வைத்துச் சொன்னாலும், பின்சக்கரத்துக்கு விசை போகும் பழைய வண்டி எதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நோய் எங்கே என்று பார்க்காமல் பிரிப்பது

முதல் தடவை எனக்கு நடந்தது இதுதான். எல்லா கியரும் இறுக்கமாக விழுந்தது, ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று அரைத்தது. கியர் விழும் முன் வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை வளையமான சிங்க்ரோ போய்விட்டது என்று முடிவு கட்டி இறக்கிவிட்டேன். தெருக்கோடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒவ்வொரு ரிங்காகக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதெல்லாம் நல்லாத்தானே இருக்கு. கிளட்ச் முழுசா விடுதான்னு பார்த்தியா?" என்றார். நான் பார்க்கவில்லை. கிளட்ச் கேபிள் இழுபட்டு நீண்டிருந்தது.

ஒரு கியர் மட்டும் அரைத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோவைச் சந்தேகப்படலாம். எல்லா கியரும் தகராறு செய்தால் முதலில் கிளட்சைப் பாருங்கள். சோதனை எளிது. இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். கிளட்சை முழுக்க மிதித்து ஐந்தாறு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பழைய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுதாக விட்டிருந்தால் அந்த ஐந்தாறு விநாடியில் உள்ளே சுழல்வது நின்று, கியர் சத்தமில்லாமல் விழும். அப்போதும் அரைத்தால் கிளட்ச் இன்னும் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம்.

சத்தத்துக்கும் இதே மாதிரி ஒரு வழி இருக்கிறது. நியூட்ரலில், பெடலில் கால் வைக்காதபோது வருகிற இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால், இன்ஜின் விசையை உள்ளே கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டின் பேரிங் அல்லது அதற்கு இணையாகச் சுழலும் லே ஷாஃப்டின் பேரிங். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அதற்காகப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். குறிப்பிட்ட கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரை விட்டதும் லீவர் நியூட்ரலுக்குக் கழன்று வந்தால், அந்த கியரின் பல் முனையோ, கியர் மாற்றத் தள்ளும் கவை போன்ற ஃபோர்க்கோ தேய்ந்திருக்கும், இல்லை லீவரை நிறுத்திவைக்கும் குண்டு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிரியுங்கள். பிரித்த பிறகு வண்டியை ஓட்டிப் பார்க்க முடியாது.

பழைய ஆயிலையும் அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். ஒரு வெள்ளை டப்பாவில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தங்கப்பொடி தூவியது போல் மினுமினுத்தால் அது சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. அடியில் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவினால் ஒட்டி வருவது இரும்பு. சாம்பல் நிறக் குழம்பாக வந்தால் வயதுக்கேற்ற தேய்மானம்தான். விரலில் குத்தும் செதில் வந்தால் ஏதோ ஒரு பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூடக் கூடாது.

படம் எடுத்தால் போதும் என்று நினைப்பது

எல்லோரும் போனில் படம் எடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் ஆயில் படிந்த ஒரு வாஷரின் எந்தப் பக்கம் வெளியே பார்த்தது என்பது படத்தில் தெரியாது. விசையை வெளியே கொண்டுபோகும் மெயின் ஷாஃப்டிலிருந்து கழற்றும் ஒவ்வொன்றையும், கழற்றிய அதே வரிசையில், திருப்பாமல், ஒரு கட்டுக்கம்பியில் கோத்துவிடுங்கள். வாஷர், கியர், ஊசி பேரிங், சிங்க்ரோ ரிங், ஹப் என்று கோத்து இரண்டு முனையையும் முறுக்கி, முன் பக்கம் எது என்று ஒரு துணி கட்டி வைத்தால், ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தாலும் குழப்பம் வராது. மண்ணெண்ணெயில் கழுவும்போதும் கம்பியோடு அப்படியே முக்கி எடுத்துவிடலாம்.

ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் சிங்க்ரோ ஹப்பும், அதன் மேல் நகர்ந்து கியரைப் பிடிக்கும் ஸ்லீவும் ஜோடி. பிரிப்பதற்கு முன் இரண்டிலும் நேருக்கு நேர் ஒரு பெயின்ட் புள்ளி வையுங்கள். என் இரண்டாவது ஞாயிறு போனது இங்கேதான். ஹப்பின் ஒரு பக்கம் கழுத்து சற்று உயர்ந்திருக்கும், மறுபக்கம் தாழ்ந்திருக்கும். வித்தியாசம் கண்ணுக்குச் சட்டென்று படாது. நான் மாற்றிப் போட்டுவிட்டேன். ஷாஃப்டில் இறங்கியது, அதை நகராமல் பிடிக்கும் வளையமான சர்க்கிளிப்பும் உட்கார்ந்தது. ஆனால் ஸ்லீவ் முழுத் தூரம் நகர முடியாமல் மூன்றாவது கியர் அரைகுறையாகப் பிடித்து, ஒவ்வொரு மேட்டிலும் கழன்று வந்தது.

ஃபோர்க்குகளைத் தாங்கும் ஷிஃப்ட் தண்டுகளை உருவும்போது குண்டும் ஸ்பிரிங்கும் தெறிக்கும். பெட்டியின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு உருவுங்கள். குண்டு தொலைந்தால் கடையில் கிடைக்கும். அதைவிட ஆபத்தான சாமான், தண்டுகளுக்கு நடுவே குறுக்காகக் கிடக்கும் இன்டர்லாக் பின். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஒரு தண்டு நகர்ந்தால் மற்றதை நகரவிடாமல் தடுப்பது இதன் வேலை. பின் இல்லாமல் மூடினால் ஒரு நாள் இரண்டு கியர் ஒன்றாக விழும். இரண்டு வேறு வேகத்தில் ஒரே ஷாஃப்ட் சுழல முடியாது; பெட்டி அப்படியே பூட்டிக்கொள்ளும், ஓடும் வண்டியில் பின்சக்கரம் நின்றுவிடும். பின் கையில் இருக்கிறதா என்பதைப் பெட்டியைக் கழுவும் முன்பே பார்த்துவிடுங்கள். கழுவும் தண்ணீரோடு சாக்கடையில் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பித்தளை வளையத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது

கூம்பு ஒன்று இன்னொன்றில் உரசி, இரண்டின் வேகமும் ஒன்றான பிறகு பற்களைக் கோக்கவிடுவதுதான் சிங்க்ரோ. 1928இல் காடிலாக் கார்களில் முதலில் வந்த யோசனை. அடிப்படை இன்றும் அதேதான். இந்தக் கூம்பில் ஒன்றான பித்தளை வளையத்தின், அதாவது சிங்க்ரோ ரிங்கின், உள்பக்கம் தடவினால் நகத்தில் நெருடும் மெல்லிய வரிகள் இருக்கும். ஆயில் படலத்தை அறுத்து வெளியேற்ற அந்த வரிகள் வேண்டும். அவை மழுங்கி வழவழப்பானால் வளையம் வழுக்கும், கியர் அரைக்கும்.

வளையத்தை அதற்குரிய கியரின் கூம்பில் வைத்துக் கையால் அழுத்தித் திருகுங்கள். கவ்விப் பிடிக்க வேண்டும். பிறகு வளையத்துக்கும் கியரின் சின்னப் பற்களுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டு மூன்று இடத்தில் அளக்க வேண்டும். சுசூகி பெட்டிகள் பலவற்றில் புது வளையத்துக்கு இந்த இடைவெளி 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், 0.5 வரை இறங்கிவிட்டால் வளையத்தின் ஆயுள் முடிந்தது. உங்கள் பெட்டிக்குரிய சரியான எண்ணைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வளையங்களை இடம் மாற்றியும் போடக் கூடாது. ஒவ்வொன்றும் தன் கூம்போடு சேர்ந்து தேய்ந்து பழகியது.

புது வளையத்தைக் காய்ந்தபடியே பூட்டாமல் கியர் ஆயிலில் ஊறவைத்துப் பூட்டுங்கள். பூட்டும்போது ஹப்பில் இருக்கும் சின்ன உலோகத் துண்டுகளான மூன்று கீயும் வளையத்தின் மூன்று பள்ளத்திலும் விழுந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். விழாமல் பிரஸ்ஸில் அழுத்தினால் புது வளையம் அங்கேயே நெளிந்துவிடும்.

பேரிங்கும் சுத்தியலும்

பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும்தான் அழுத்த வேண்டும். பெட்டிக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும். மாற்றி அடித்தால் அந்த அடி முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். புது பேரிங் முதல் நாளே ஊளையிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பழி பேரிங் கடைக்காரர் மேல் விழும். அளவான குழாய்த் துண்டு ஒன்றை லேத்தில் வெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரஸ் வசதி இல்லையென்றால், ஷாஃப்டையும் பேரிங்கையும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவதில் ஒன்றும் கேவலமில்லை.

சூடு நல்ல துணை. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். காலிப் பெட்டியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்து எடுத்தால் பேரிங் பல நேரம் கை அழுத்தத்திலேயே இறங்கிவிடும். பேரிங்கை ஆயிலில் 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்கி ஷாஃப்டில் நழுவவிடலாம். ஆனால் கேஸ் நெருப்பை நேராகக் காட்டாதீர்கள். 120 டிகிரியைத் தாண்டினால் பேரிங் எஃகின் பதம் கெட ஆரம்பிக்கும்.

வாங்கும்போது நம்பரை மட்டும் சொல்லிக் கேட்பது இன்னொரு தவறு. நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துதான் பல நேரம் முக்கியம். என்ஆர் என்றால் வெளிவளையத்தில் சர்க்கிளிப் பள்ளமும் அதில் கிளிப்பும் உண்டு. சி3 என்றால் உள்ளே இடைவெளி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். பழைய பேரிங்கில் பொறித்திருப்பதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு போங்கள், பழையதையும் கையோடு எடுத்துப் போங்கள். திறந்த பேரிங் இருந்த இடத்தில் ரப்பர் மூடிய பேரிங்கைப் போடாதீர்கள். பெட்டி ஆயில் உள்ளே போக வழி இருக்காது. பழைய பெட்டிகளைப் பிரித்து விற்கும் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கியரும் ஃபோர்க்கும் வாங்கலாம், பல்லை விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். பேரிங், ஆயில் சீல், சிங்க்ரோ ரிங், சர்க்கிளிப் நான்கையும் பழசாக வாங்க வேண்டாம்.

சீலும் பசையும்

சீல் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஷாஃப்டின் வரிப்பற்கள் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு ஏற்றுங்கள். இல்லையென்றால் அந்தப் பற்களே புது சீலைக் கிழிக்கும். பெட்டியின் இணைப்பில் கசிவைத் தடுக்கப் பூசும் அனபாண்ட் பசையை மெல்லிய கோடாக இழுத்தால் போதும். வெளியே பிதுங்கியதைத் துடைக்கிறோம். உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஆயில் துளையை அடைக்கும். பழைய பசையை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டவும் கூடாது, அலுமினியத்தில் விழுந்த கீறல் வழியாகக் காலம் முழுக்க ஒழுகும். பெட்டியின் மேலே இருக்கும் மூச்சுத்துளையைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீல் வழியாகவே ஆயில் வெளியே வரும்.

மூடியவுடன் வண்டியில் ஏற்றுவது

நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். பெட்டியை மேஜையில் வைத்து ஒரு மணி நேரம் செலவிடுங்கள். இன்புட் ஷாஃப்டிலும் அவுட்புட்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு கியராகப் போட்டு இன்புட்டைக் கையால் சுற்றி எண்ணுங்கள். ஐந்து கியர் ஜிப்ஸியில் முதல் கியரின் விகிதம் 3.652, அவுட்புட் ஒரு சுற்று வர இன்புட் மூன்றரைக்குச் சற்று மேலே சுற்ற வேண்டும். இரண்டாவதில் 1.947, ஏறக்குறைய இரண்டு சுற்று. நாலாவதில் 1.000, இரண்டும் ஒன்றாகச் சுற்றும். ஐந்தில் 0.795, இன்புட் ஒரு சுற்று முடிக்கும் முன்பே அவுட்புட் முடித்துவிடும். ரிவர்ஸில் திசை மாற வேண்டும். எந்தக் கியரிலாவது ஓரிடத்தில் மட்டும் கை கனத்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஒரு கியர் போட்டிருக்கும்போது இன்னொரு தண்டைத் தள்ளிப் பாருங்கள், நகரவே கூடாது. நகர்ந்தால் அந்த இன்டர்லாக் பின்னைத் தேடுங்கள். ஹப்பைத் திருப்பிப் போட்ட அன்று இதைச் செய்திருந்தால், மூன்றாவது கியரின் ஸ்லீவ் பாதியில் நிற்பதை மேஜையிலேயே பார்த்திருப்பேன்.

ஏற்றும்போது கிளட்ச் பிளேட்டை மையப்படுத்திவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். பெட்டி இன்ஜினோடு ஒட்டாமல் ஒரு விரல்கடை நிற்கிறதென்றால் போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள். அலுமினியக் காது உடைந்துவிடும். பெட்டியைப் பாதியில் தொங்கவிட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது, முழு எடையும் இன்புட் ஷாஃப்ட் வழியாகக் கிளட்ச் பிளேட்டில் இறங்கி அதை வளைத்துவிடும். வண்டி ஸ்டாண்டில் நிற்கட்டும். செங்கல்லும் ஜாக்கியும் மட்டும் இருந்தால் அதற்கு அடியில் படுக்காதீர்கள்.

கடைசியாக ஆயில். டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5 தர ஆயில் டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று கியர் பாக்ஸிலும் ஊற்றுகிறவர்கள் நிறைய. டிஃபரன்ஷியல் பற்களின் கடுமையான அழுத்தத்துக்காக அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். பித்தளைக்கு அது ஆகாமல் போகலாம். சிங்க்ரோ வளையம் கவ்வ வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். மேனுவல் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 மட்டுமே. பக்கவாட்டுத் துளையில் வழியும் வரை, வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஊற்றுங்கள். முதல் 500 கிலோமீட்டர் கியரை நிதானமாக மாற்றி ஓட்டிவிட்டு, அந்த ஆயிலை மறுபடி அதே வெள்ளை டப்பாவில் இறக்கி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். புது வளையம் பழகிய மினுமினுப்பு கொஞ்சம் இருக்கும். காந்தத்தில் செதில் ஒட்டாவிட்டால் புது ஆயில் ஊற்றி, ஊட்டி மலைப்பாதையில் கூட ஏற்றலாம்.