பழைய ஸ்டில் லென்ஸை அடாப்டர் போட்டு வீடியோ எடுக்கணுமா? எதை முதல்ல வாங்கணும்னு பார்ப்போம்

வீடியோ எடுக்க ஆரம்பிக்கிற நிறைய பேர் கையில இருக்குற காசு மொத்தத்தையும் பாடிக்கே (லென்ஸ் இல்லாத கேமரா) போட்டுட்டு, அதோட சேர்ந்து வர்ற கிட் லென்ஸோட நின்னுடுறாங்க. ஃபிலிம் காலத்து ஸ்டில் லென்ஸ் ரெண்டு மூணு இருந்தா, ஒரு அடாப்டர் மாட்டி அதே கேமராவுல ரொம்ப நல்லா எடுக்கலாம். ஆனா வாங்குற வரிசை முக்கியம். முதல்ல லென்ஸ் மவுன்ட் (லென்ஸும் பாடியும் பூட்டிக்குற வளையம்), அப்புறம் பாடி, கடைசியா அடாப்டர். பாடியை நாலு வருஷத்துல மாத்திடுவீங்க, நல்ல லென்ஸ் உங்க கூடவே இருக்கும்.

முதல் வேலை, மவுன்ட் முடிவு பண்றது. லென்ஸ் உட்கார்ற வளையத்துல இருந்து சென்சார் வரைக்கும் ஒவ்வொரு மவுன்டுக்கும் ஒரு தூரம் உண்டு. நிக்கான் எஃப்-க்கு 46.5 மில்லிமீட்டர், சோனி ஈ-க்கு 18. கழிச்சா 28.5 வருதா, அந்த நீளத்துக்கு உள்ள கண்ணாடியே இல்லாத ஒரு வெத்துக் குழாய், அதுதான் அடாப்டர். லென்ஸோட தூரம் பாடியோட தூரத்தை விட அதிகமா இருந்தாத்தான் இது நடக்கும். கேனன் எஃப்டி லென்ஸுக்கு 42, கேனன் இஎஃப் பாடிக்கு 44, அதனால எஃப்டி-யை சாதா வளையத்துல மாட்டினா கிட்ட இருக்குறது மட்டும் ஃபோகஸ் ஆகும், தூரத்துல இருக்குற மலை ஆகவே ஆகாது.

நான் சொல்றது நிக்கான் எஃப், அதுவும் அப்பர்ச்சர் (வெளிச்சம் உள்ள போற துளை) ரிங் இருக்குற ஏஐ, ஏஐ-எஸ்ங்குற பழைய வகை லென்ஸுங்க. அதோட தூரம் பெருசுங்குறதால மிரர்லெஸ் (உள்ள மிரர் இல்லாத) பாடி எல்லாத்துலயும் மாட்டலாம், கேனன் இஎஃப்-ல கூட மெல்லிசா ஒரு வளையம் போதும். பேர்ல ஜி-னு இருந்தா அதுல ரிங் இருக்காது, தனியா ரிங் வச்ச அடாப்டர் தேடணும். கேனன் இஎஃப் லென்ஸ்ல அப்பர்ச்சர் கரண்ட்ல ஓடுறது, வெத்துக் குழாய் போட்டா அதை அசைக்கவே முடியாது.

எத்தனை எம்எம்? எம்எம் கம்மியா இருந்தா காட்சி அகலம், எஃப் நம்பர் கம்மியா இருந்தா வெளிச்சம் அதிகம். 28 எஃப் 2.8, 50 எஃப் 1.8, 105 எஃப் 2.5, இந்த மூணு போதும். சோனி ஏபிஎஸ்-சி (ஃபிலிம் ஃபிரேமை விட சின்ன) சென்சார்ல 1.5 ஆல பெருக்கிக்கோங்க, 28 கிட்டத்தட்ட 42 மாதிரி தெரியும், 50 வந்து 75 ஆயிடும். அதை விட சின்ன மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்னா ரெண்டால. ஒண்ணுதான் வாங்க முடியும்னா சின்ன ரூம்ல எடுக்குறவங்க 28-ஐ வாங்குங்க.

பழைய லென்ஸை கையில வாங்கினதும் ரெண்டு மூடியையும் கழட்டிட்டு, அப்பர்ச்சரை முழுசா திறந்து, மொபைல் டார்ச்சை பின்பக்கம் வச்சு முன்பக்கத்துல இருந்து லேசா சாய்ச்சு சாய்ச்சு பாருங்க. சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டு ஓடுச்சுன்னா ஃபங்கஸ், வேண்டாம்னு திருப்பிக் குடுத்துடுங்க. நாலு தூசி இருந்தா பரவாயில்ல, படத்துல தெரியாது. அடுத்து ரிங்கை 16-ல வச்சு பின்னாடி இருக்குற சின்ன லீவரைத் தள்ளிட்டு கையை எடுங்க, அப்பர்ச்சர் பிளேடு டக்குனு மூடணும், மெதுவா மூடுச்சுன்னா எண்ணெய் ஏறியிருக்கு. ஃபோகஸ் ரிங் இந்த கோடியில இருந்து அந்த கோடி வரைக்கும் ஒரே கனத்துல சுத்தணும், வீடியோவுக்கு இதுதான் உயிர், நடுவுல இறுகுற லென்ஸ்ல ஃபோகஸ் இழுக்கவே முடியாது.

இப்ப பாடி. இந்த லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை சமன் பண்றது) கிடையாது, அதனால கையில பிடிச்சு எடுக்குறவங்க சென்சார் ஆடி ஈடு கட்டுற பாடியா பாருங்க, பானசோனிக் ஜிஹெச்5-ல அது இருக்கு, சோனி ஏ6400-ல இல்ல. ட்ரைபாட்லதான் எடுக்கப் போறீங்கன்னா ஏ6400 தாராளமா போதும். ஃபோகஸ் பீக்கிங் (ஃபோகஸ் ஆன விளிம்பை கலர்ல காட்டுறது), மைக் ஜாக் ரெண்டும் இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

அடாப்டர் விலை கம்மியா இருக்கலாம், ஆனா மாட்டினதும் லென்ஸைப் பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா ஃபோகஸ் திருப்புற ஒவ்வொரு தடவையும் ஃபிரேம் குதிக்கும். ஸ்பீட் பூஸ்டர்னு உள்ள கண்ணாடி வச்சது ஒண்ணு இருக்கு, எம்எம்மை 0.71 மடங்கா குறைச்சு காட்சியை விரிக்கும், ஒரு ஸ்டாப் (அதாவது ரெண்டு மடங்கு) வெளிச்சமும் கூடும், ஆனா விலை ஜாஸ்தி, முதல்லயே தேவையில்ல.

மாட்டியாச்சா? மெனுவுல லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் ரிலீஸ் ஆகுறதை ஆன் பண்ணுங்க, இல்லன்னா சில பாடி ரெக்கார்டே பண்ணாது. ஸ்டெபிலைசேஷன் இருந்தா எத்தனை எம்எம்னு நீங்களே உள்ள போடணும், 28 மாட்டிட்டு 105-னு விட்டுட்டா படம் தப்பா ஆடும். மேனுவல் மோடு, 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்குறதால 1/50-ல டியூப்லைட் மின்னாது.

1/50-ல வெயில்ல போனா படம் வெளுத்துடும், ஷட்டரை ஏத்தாதீங்க, வெளிச்சத்தைக் குறைக்குற என்டி ஃபில்டர் போடுங்க. நான் சொன்ன மூணு ஏஐ-எஸ் லென்ஸுக்கும் முன்பக்க அளவு 52 மில்லிமீட்டர்தான், அதனால நல்லதா ஒரே ஒரு வேரியபிள் என்டி (சுத்தி இருட்டைக் கூட்டிக் குறைக்கலாம்) வாங்கினா மூணுக்கும் மாத்தி மாத்தி போட்டுக்கலாம்.