எலிக்கு வாந்தி வராது, மண் தின்னும்: சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து தரும் குமட்டலை அளக்கும் முறை

எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. அதற்கு வேண்டிய நரம்புப் பின்னல் அதன் மூளைத்தண்டில் இல்லை. வயிற்றைப் புரட்டினால் மண் தின்னும், மசக்கைக்காரி சாம்பலைத் தேடுவதுபோல. நாம் எடை போடுவது அந்த மண்ணைத்தான். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

99 கிராம் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணுடன் 1 கிராம் அகேசியா பிசின் தூளைக் கலந்து, காய்ச்சி வடித்த நீரைத் தெளித்துக் கெட்டியாகப் பிசையுங்கள். நுனி வெட்டிய 10 மி.லி. சிரிஞ்சில் அடைத்துப் பிதுக்கி, தீவன வில்லை அளவில் நறுக்கி, அறை வெப்பத்திலேயே காயவிடுங்கள். தாராவி கும்பார்வாடாவின் பானை மண் கிட்டத்தில் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாது.

கூண்டுக்கு ஓர் எலி. மருந்துக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே தீவனத்தோடு கயோலினும் இருக்கட்டும். புதுப்பொருளை எலி சந்தேகிக்கும்; பழகாத எலி குமட்டினாலும் தொடாது.

சிஸ்பிளாட்டின் கிலோவுக்கு 6 மி.கி., வயிற்றறைக்குள் ஊசி. 1 மி.லி.க்கு 1 மி.கி. கரைசலானால் 200 கிராம் எலிக்கு 1.2 மி.லி. கரைக்க 0.9% உப்பு நீர் மட்டுமே. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான், மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் படிகமாக அடியில் தங்கும், அளவு தவறும். அலுமினிய ஊசி கூடாது. ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் உப்பு நீர்.

ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் கயோலின், தீவனம், உடல் எடை மூன்றையும் குறியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். எலி கொறித்துச் சிந்தியதையும் தின்றதாக எண்ணிவிடுகிறார்கள். கம்பித் தட்டுக்குக் கீழே விழுந்த துகள்களைத் திரட்டி, உலர்த்தி, கழியுங்கள். மும்பை மழைக்காலத்தில் வில்லை ஈரம் குடித்துக் கனக்கும். எலியில்லாத கூண்டில் சில வில்லைகளை வைத்து அந்த மாற்றத்தையும் திருத்துங்கள்.

குமட்டலை அடக்கும் மருந்துகளில் ஆன்டான்செட்ரான் போன்ற செரட்டோனின் தடுப்பிகளை இதில் சோதிக்கலாம். அப்ரெபிட்டன்ட் வகைக்கு எலியை நம்பாதீர்கள்: அந்த மருந்து பற்றும் என்கே1 ஏற்பி எலியில் மனிதருடையதிலிருந்து வேறுபடுவதால் நல்ல மருந்தும் தோற்றதாகத் தெரியும். அதற்கு ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்கு வேண்டும். அதற்குச் சிஸ்பிளாட்டின் கிலோவுக்கு 5 மி.கி. கொடுத்தால் முதல் நாள் வாந்தியும், இரண்டு மூன்று நாள் கழித்து வரும் வாந்தியும் கிடைக்கும். நம் பிள்ளையாரின் மூஞ்சூறும் வாந்தி எடுக்கும். ஆனால் சாக்கடையில் பிடித்தது ஆகாது, ஆய்வகத்தில் வளர்த்ததே வேண்டும்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரில் வெளியேறுவதால், கூண்டின் உமியை இரட்டைக் கையுறையோடு அள்ளி, சைட்டோடாக்சிக் (செல்லைக் கொல்லும் நச்சு) முத்திரையுள்ள மஞ்சள் பையில் கட்டுங்கள்.