பாலைவனச் சாலையில் சாப்பாடு: குமரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் வழியில் பசித்தால் யாரும் திட்டம் போடுவதில்லை. தக்கலையை விட்டால் வில்லுக்குறி, வில்லுக்குறியை விட்டால் பார்வதிபுரம். ஒரு டீக்கடையில் ரசவடை தீர்ந்திருந்தால் கூப்பிடு தூரத்தில் இன்னொரு கடை இருக்கும். நம் மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,670 சதுர கிலோமீட்டர்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,100 பேர் வாழ்கிறோம். குஜராத்தின் கட்ச் மாவட்டமோ 45,674 சதுர கிலோமீட்டர். அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 46 பேர். ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் வெறும் 17 பேர்.

பாலைவனப் பயணத்தில் நம்மவர்கள் பட்டினி கிடப்பதற்கும், கிடைத்ததைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வதற்கும் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் காரணம். நாகர்கோவிலிலிருந்து காந்திதாமுக்கு வாராந்திர ரயில் நேராகவே போகிறது. இறங்கி ஒரு காரை அமர்த்திக்கொண்டால் 60 கிலோமீட்டரில் புஜ் நகரம். அங்கிருந்து வெள்ளை ரண் எனப்படும் உப்புவெளி ஒரு காலைப்பொழுதுப் பயணம். போவது எளிது. அங்கே நன்றாகச் சாப்பிடுவதற்குத்தான் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்"

இதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன. புஜ்ஜிலிருந்து வடக்கே போனால் சுமார் 55 கிலோமீட்டரில் பிரண்டியாரா வருகிறது. அங்கே சாலை பிரிகிறது. ஒன்று வெள்ளை ரண் இருக்கும் தோர்டோவுக்கு, இன்னொன்று காவ்டாவுக்கு. காவ்டாவைத் தாண்டி, ஹரப்பா நாகரிகத்தின் நகரமான தோலாவிராவுக்குப் போகும் சாலை உப்புவெளியின் நடுவே ஓடுகிறது. இரண்டு பக்கமும் உப்பு, நீர் தேங்கியிருக்கும் மாதங்களில் இரண்டு பக்கமும் தண்ணீர். அழகுக்குக் குறைவில்லை. கடையோ நிழலோ கிடையாது. ஆகவே காவ்டாதான் சாப்பிட வேண்டிய இடம், பசி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

ராஜஸ்தான் பக்கமும் அப்படித்தான். ஜெய்சால்மரிலிருந்து எல்லையோரத் தனோட் மாதா கோயிலுக்கு சுமார் 120 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்லத்தக்கது ராம்கட். அதைக் கடந்தபின் மணல்மேடுகளும் ஆடுகளும்தான். எல்லைப் பாதுகாப்புப் படையினர் பராமரிக்கும் அந்தக் கோயிலில் சிற்றுண்டி கிடைக்கும். அதை நம்பி நாலு குழந்தைகளோடு முழுப் பகலையும் ஓட்டிவிட முடியாது.

காலையில் கிளம்பும்போதே எந்த ஊரில் மதியச் சாப்பாடு என்று முடிவு செய்துவிடுங்கள். முதல் நாள் மாலையே அந்தக் கடைக்கு ஒரு போன் செய்து, நாளை திறந்திருப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். செல்பேசி வரைபடத்தில் கடை இருப்பதும், கடை திறந்திருப்பதும் வேறு வேறு. எல்லைப் பக்கம் சிக்னல் அடிக்கடி போய்விடும் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்வதும் நல்லது. கையில் ரொக்கமும் சில்லறை நோட்டுகளும் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் செல்பேசியிலிருந்து பணம் போகாது.

போன வருடம் போனவரின் பட்டியல்

பக்கத்து வீட்டுக்காரர் ஜனவரியில் போய்வந்து, "வழியெல்லாம் கடைதான், கவலையே படாதீர்கள்" என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னது உண்மை. ஆனால் ஜனவரிக்கு மட்டுமே உண்மை. மழைக்காலத்தில் ரண் நீரில் மூழ்கிக் கிடக்கிறது. குளிர்காலம் வரவரத் தண்ணீர் வற்றி உப்பு வெளுக்கிறது. ஏறத்தாழ நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ரண் உற்சவம் என்ற சுற்றுலாத் திருவிழா. அந்த மாதங்களில் தோர்டோ பக்கம் முளைக்கும் கடைகளில் பல, கூட்டம் கலைந்ததும் மூட்டை கட்டிவிடும். ஏப்ரலில் அதே சாலையில் போகிறவருக்குப் பூட்டிய தட்டிகள்தான் காத்திருக்கும். ஜெய்சால்மர் அருகே சாம் மணல்மேடுகளில் உள்ள கூடாரங்களும் பெரும்பாலும் குளிர்காலப் பிழைப்புதான்.

பண்டிகை நாட்களையும் பாருங்கள். ரண்ணுக்கு முன்னால் விரிந்திருக்கும் பன்னி புல்வெளியில் கால்நடை வளர்ப்போரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ரமலான் மாதப் பகலில் அங்கே அடுப்பு எரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நவராத்திரி சமயத்திலோ கதை நேர்மாறு. மாதா நோ மட் ஊரில் இருக்கும் ஆஷாபுரா மாதா கோயிலுக்கு மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போகிறார்கள். வழிநெடுகப் பந்தல் போட்டு, வருகிறவர்க்கெல்லாம் உணவும் தேநீரும் கொடுக்கிறார்கள். கூப்பிட்டால் மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாமித்தோப்பில் அன்னம் வாங்கி உண்டவர்களுக்கு அந்தப் பந்தியில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. காரை ஓரம் கட்டிப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போவதுதான் வருத்தமான காரியம்.

மெனு அட்டையை நம்புவது

நெடுஞ்சாலைத் தாபாக்களில் கொடுக்கும் மெனு அட்டையில் பன்னீரில் மட்டும் ஒரு பக்கம், சீன நூடுல்ஸ் ஒரு பக்கம், கடைசியில் இட்லியும் மசாலா தோசையும் இருக்கும். தோசை என்ற எழுத்தைக் கண்டதும் நம்மவர் முகம் மலர்ந்துவிடுகிறது. நாளுக்கு இரண்டு பேர் கேட்கும் பண்டத்துக்கு அந்தக் கடையில் மாவு எப்போது அரைத்திருப்பார்கள் என்று ஒரு நொடி யோசித்தால் போதும். மீனும் அப்படித்தான். மாண்ட்வி போன்ற கடற்கரை ஊர்கள் கட்ச்சிலும் உண்டு, ஆனால் சாலையோரக் கடைகளில் மிகுதியும் சைவம்தான். தேங்காய் அரைத்த மீன்குழம்பை அந்த வறண்ட சாலையில் தேடி அலைவது நேரத்தைத் தின்னும் வேலை. இறைச்சி வேண்டுமென்றால் புஜ் நகருக்குள் கிடைக்கும், அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: இப்போது அடுப்பில் என்ன இருக்கிறது? பதில் பெரும்பாலும் பாஜ்ரா ரோட்லோவாக இருக்கும். கம்பு ரொட்டி. அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கம்பு மாவில் கோதுமைக்குரிய பசை கிடையாது. மொத்தமாகப் பிசைந்து வைத்தால் விண்டுபோகும். அதனால் ஒரு ரொட்டிக்கு வேண்டிய மாவை மட்டும் எடுத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துத் தேய்த்துப் பிசைகிறார்கள். பிறகு பூரிக்கட்டை இல்லாமல், இரண்டு கைகளுக்கும் நடுவே தட்டித் தட்டிச் சுழற்றுகிறார்கள். தட்டும் சத்தம் வாசல்வரை கேட்கிறது. மண் சட்டியில் போட்டதும் ஓரம் கருகி நடுவில் உப்புகிறது. அதன்மேல் வெண்ணெய், பக்கத்தில் ஒரு துண்டு வெல்லம், சுட்ட கத்தரிக்காயை மசித்துச் செய்யும் ஓலோ, பூண்டுச் சட்னி, மோர். ஒவ்வொரு ரொட்டியும் கேட்டபின் தட்டப்படுவதால் நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் காலையில் சுட்டு அடுக்கியது தட்டுக்கு வந்துவிடும். கம்புக்குப் பழகாத வயிறு என்றால் முதல் நாள் ஒன்றோடு நிறுத்துங்கள்.

மழை பொய்க்கும் நிலத்தில் விளைவது கம்பு, நெல் அல்ல. நம் முன்னோர்கள் அரிசி அரிதாக இருந்த காலத்தில் மரச்சீனிக் கிழங்கை எப்படி முழுச் சாப்பாடாக மாற்றினார்களோ, அப்படி அந்த மண் கம்பையும் பாலையும் வைத்துத் தன் சமையலைக் கட்டியிருக்கிறது. ராஜஸ்தான் பக்கம் போனால் கேர் சாங்ரி கேளுங்கள். கேர் ஒரு முட்புதரின் காய். சாங்ரி, நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரத்தின் காய். இரண்டையும் வெயிலில் உலர்த்தி வைத்து, ஊறவைத்து, எண்ணெயும் மிளகாயும் சேர்த்து வதக்குகிறார்கள். காய்கறி விளையாத மாதங்களுக்காகச் சேமித்த உணவு என்பதால் கோடையிலும் அதன் ருசி குறைவதில்லை.

குஜராத் சாப்பாடு முழுக்க இனிப்பு என்று சலித்துக்கொள்வதும் பாதி அறிந்து பேசுவதுதான். நகரங்களில் கிடைக்கும் குஜராத்தி தாலியின் பருப்பில் வெல்லம் இருக்கும், உண்மை. ஆனால் காத்தியாவாடி, அதாவது சௌராஷ்டிரப் பகுதிச் சமையல், என்று பலகை வைத்த கடைகளில் பூண்டும் சிவப்பு மிளகாயும் தாராளம். தக்காளியில் ஓமப்பொடியைப் போட்டுச் செய்யும் சேவ் டமேட்டா நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

லாரி நிற்கும் இடமெல்லாம் நல்ல கடையா?

லாரிகள் வரிசையாக நின்றால் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாலைவனச் சாலையில் இதை முழுதாக நம்புவதற்கில்லை. நிறுத்த இடம், குளிக்கத் தண்ணீர், படுக்கக் கட்டில் இருந்தாலும் லாரிகள் நிற்கும். என்னைக் கேட்டால் உள்ளூர் எண் கொண்ட மோட்டார் சைக்கிள்களையும், பால் கேன் ஏற்றிய வண்டிகளையும் பாருங்கள். தினமும் அதே சாலையில் போகிறவன் மோசமான கடையில் இரண்டாவது நாள் நிற்க மாட்டான். நட்சத்திர மதிப்பீடுகளை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒருமுறை வந்து போன சுற்றுலாப் பயணிகள். காட்சி நன்றாக இருந்ததற்கும் சேர்த்து அவர்கள் மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

ஓட்டுநரிடம் "நல்ல ஹோட்டலுக்குப் போங்கள் அண்ணா" என்று சொன்னால், தனக்குச் சாப்பாடு இலவசமாகக் கிடைக்கும் சுற்றுலா உணவகத்தில் அவர் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் கேட்ட விதம் அப்படி. "நீங்கள் தனியாக வந்தால் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். அங்கே அவரையும் உங்கள் மேசையிலேயே உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். அவர் எதைத் தொடுகிறார், எதை ஒதுக்குகிறார் என்பது எந்த மெனு அட்டையையும்விட நம்பகமானது.

தண்ணீர், மோர், கட்டுச்சோறு

கட்ச்சில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. குடிக்கும் நீரை ஊருக்குள்ளிருந்தே வாங்கி, 20 லிட்டர் கேனாக வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். வெட்டி வைத்த வெங்காயம், ஐஸ் போட்ட சாறு இரண்டையும் சாலையோரத்தில் தவிர்ப்பது நல்லது. மோர் வேண்டுமென்றால் முற்பகலில் வாங்குங்கள். பன்னி எருமைகள் இரவில் மேய்ந்துவிட்டுக் காலையில் வீடு திரும்பும் வழக்கமுடையவை; 2010-ல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றவை. அந்தப் பாலில் காய்ச்சும் மாவாதான் பிரண்டியாராவின் பெருமை. அகன்ற இரும்புச் சட்டியில் பாலை ஊற்றி, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்து, மணல் மணலாகத் திரளும்வரை சுண்டவைக்கிறார்கள். சூடாக இருக்கும்போதே கொஞ்சம் வாங்கிச் சாப்பிடுங்கள். ஊருக்கு வாங்கி வர ஆசைப்படாதீர்கள். பால் பண்டம், அத்தனை நீண்ட ரயில் பயணத்தைத் தாங்காது.

வீட்டிலிருந்து கொண்டுபோவதிலும் ஒரு தவறு நடக்கிறது. தேங்காய்த் துவையல், புளிசேரி, தேங்காய் சேர்த்த பொரியல் என்று டப்பா டப்பாவாகக் கட்டுகிறார்கள். தேங்காய் துருவிப் போட்ட எதுவும் அந்த வெப்பத்தில் மதியத்துக்குள் ஊசிப்போகும். மட்டிப்பழம் ரயிலிலேயே கனிந்து குழைந்துவிடும். முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ், அவல், கருப்பட்டி, நாரத்தங்காய் ஊறுகாய் ஆகியவை பல நாள் தாங்கும். கடையில்லாத நூறு கிலோமீட்டரைக் கடக்க அவை போதும். மது புட்டிகளைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். குஜராத்தில் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது.

நேரம்

நம் ஊரில் இரவு பத்து மணிக்கும் புரோட்டாக் கல்லில் சத்தம் கேட்கும். பன்னியின் கிராமங்களில் இருட்டியபின் சாலையில் ஆள் நடமாட்டமே குறைந்துவிடும். புங்கா எனப்படும் வட்டமான மண் வீடுகளில் தங்குபவர்கள், சூரிய அஸ்தமனத்தை வெள்ளை ரண்ணில் பார்த்துவிட்டு எட்டரை மணிக்குத் திரும்பி, அப்போதுதான் சாப்பாடு கேட்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்கள் விறகை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மதியமே சொல்லிவிடுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணிக்கு, குழந்தைகளுக்குக் காரம் குறைக்க வேண்டுமா, அரிசி வேண்டுமா. அரிசி கேட்டால் கிச்சடியும் கடியும் கிடைக்கும், அதாவது பருப்புச் சேர்த்துக் குழைய வேகவைத்த சோறும் கடலைமாவு கரைத்துக் காய்ச்சிய மோரும். மூன்று நாள் ரொட்டி தின்ற குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். திரும்பத் தாமதமாகும் என்று தெரிந்தால் சிக்னல் இருக்கும்போதே ஒரு போன் செய்துவிடுங்கள். மாவைப் பிசையாமல் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.