பிட்லாக்கர் பூட்டிக்கிச்சா? ஃபார்மேட் அடிக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

லேப்டாப்பை ஆன் பண்ணா விண்டோஸ் வராம நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேக்குதா, இல்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை சொருகினா பாஸ்வேர்ட் கேட்டு நிக்குது, பாஸ்வேர்ட் மறந்தே போச்சா? ரெண்டும் பிட்லாக்கர் வேலை, அதாவது டிஸ்க்குல இருக்கறதை மத்தவங்க படிக்க முடியாதபடி பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி. ரெண்டுக்கும் முதல்ல சொல்றது ஒண்ணுதான், ஃபார்மேட் பண்ணிடாதீங்க. "புதுசா விண்டோஸ் போட்டா சரியாயிடும்"னு பக்கத்துல நாலு பேர் சொல்வாங்க, விண்டோஸ் வரும், உள்ள இருந்த போட்டோவும் ஃபைலும் வராது.

எங்க அக்கா பொண்ணு லேப்டாப்புக்கு போன வருஷம் மதர்போர்டு மாத்தினாங்க, வீட்டுக்கு கொண்டு வந்து ஆன் பண்ணா இதே நீல ஸ்கிரீன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மொத்தமும் உள்ள. "மாமா, நான் பிட்லாக்கர்னு ஒண்ணு போடவே இல்லையே"ன்னு அழறா. அவ சொன்னது நிஜம்தான். விண்டோஸ் 11 புதுசா போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள போனா நிறைய லேப்டாப்ல இந்தப் பூட்டு (என்கிரிப்ஷன்) தானாவே ஆன் ஆயிடும், 2024 கடைசியில வந்த 24ஹெச்2 வெர்ஷன்ல இருந்து இது இன்னும் நிறைய மெஷின்ல நடக்குது. டிஸ்க்கைத் திறக்கற சாவியை மதர்போர்டுல இருக்கற டிபிஎம்ங்கற பாதுகாப்பு சிப் பத்திரமா வச்சிருக்கும், மதர்போர்டை மாத்தினா அந்த சிப்பும் போச்சு, அதனால விண்டோஸ் உங்களை நம்பாம கீ கேக்குது. பயாஸை (விண்டோஸுக்கு முன்னாடி ஓடற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணாலும், அதுல இருக்கற செக்யூர் பூட்ங்கற பாதுகாப்பு செட்டிங்கை ஆஃப் பண்ணாலும் இதே கதை வரலாம். நீங்களே பயாஸ்ல எதையாவது மாத்தியிருந்தா பழையபடி திருப்பி வச்சு, சொருகியிருக்கற பென் டிரைவ் எல்லாம் எடுத்துட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, சில நேரம் அதுலயே திறந்துக்கும்.

திறக்கலன்னா அந்த ஸ்கிரீனை போன்ல ஒரு போட்டோ எடுங்க. அதுல கீ ஐடின்னு ஒண்ணு இருக்கும், அதோட முதல் 8 எழுத்துதான் முக்கியம். இப்ப போன்லயே பிரௌசரைத் திறந்து அக்கவுண்ட் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம் ஸ்லாஷ் டிவைசஸ் ஸ்லாஷ் ரெக்கவரிகீ அப்படின்னு போய் லாகின் பண்ணுங்க. உங்க மெஷின் பேரு, கீ ஐடி, கீ எல்லாம் வரிசையா வரும், ரெண்டு மூணு கீ இருந்தா குழம்ப வேணாம், அந்த 8 எழுத்து எதோட ஒத்துப் போகுதோ அதான் உங்களுது.

இங்கதான் பாதிப் பேர் "என் அக்கவுண்ட்ல ஒண்ணுமே இல்ல"ன்னு விட்டுடறாங்க. விடாதீங்க. முதல் முதல்ல லேப்டாப்பை செட்டப் பண்ணது யாரு, எந்த மெயில் ஐடியிலன்னு யோசிங்க. அப்பா ஐடியா இருக்கலாம், பழைய ஹாட்மெயிலா இருக்கலாம், காலேஜ் இல்ல ஆபீஸ் ஐடியா இருந்தா அங்க ஐடி டீம்கிட்ட கீ இருக்கும், கீ ஐடியைச் சொல்லிக் கேளுங்க. எங்க வீட்டுல என்னாச்சுன்னா, வாங்கின கடையில ஒரு தம்பி அவசரத்துக்கு தன்னோட ஐடியைப் போட்டு செட்டப் பண்ணிக் கொடுத்திருக்கான், கீ ஒன்றரை வருஷமா அவன் அக்கவுண்ட்ல இருந்திருக்கு. நேர்ல போய் பொறுமையா கேட்டோம், அவனும் அங்கயே லாகின் பண்ணி எடுத்துக் கொடுத்துட்டான்.

எக்ஸ்டர்னல் டிரைவ்னா அந்த பாஸ்வேர்ட் கட்டத்துக்குக் கீழ மோர் ஆப்ஷன்ஸ்னு இருக்கும், அதை அமுக்கி என்டர் ரெக்கவரி கீ போங்க. டிரைவுக்கு பாஸ்வேர்ட் போட்ட அன்னைக்கு கீயை எங்கயாவது சேவ் பண்ணியோ பிரிண்ட் எடுத்தோ இருந்தாத்தான் விண்டோஸ் அடுத்த ஸ்டெப்புக்கே விட்டிருக்கும், அதனால கீ எங்கயோ இருக்கு. பழைய கம்ப்யூட்டர், பென் டிரைவ், மெயில் எல்லாத்துலயும் பிட்லாக்கர் ரெக்கவரி கீன்னு ஆரம்பிக்கற டெக்ஸ்ட் ஃபைலைத் தேடுங்க. இன்னொரு வழி, வேற ஏதாவது கம்ப்யூட்டர்ல அந்த டிரைவ் பாஸ்வேர்ட் கேக்காமலே திறக்குதான்னு பாருங்க, அப்ப அதுல ஆட்டோ அன்லாக் போட்டு வச்சிருக்கீங்க. அங்க சொருகி, கன்ட்ரோல் பேனல்ல பிட்லாக்கர் பக்கத்துக்குப் போய் பேக்கப் யுவர் ரெக்கவரி கீ குடுத்தா கீ கைக்கு வந்துடும்.

என் 1 டிபி டிரைவோட கீ பீரோவுல மடிச்சு வச்ச ஒரு பிரிண்ட் பேப்பர்ல கிடைச்சது, மடிப்பு விழுந்த இடத்துல ஒரு இலக்கம் மட்டும் தேஞ்சு போயிருந்துச்சு. இதுக்கு வழி இருக்கு. அந்த 48 இலக்கமும் ஆறு ஆறா எட்டு குரூப், ஒவ்வொரு குரூப்பும் மீதி இல்லாம 11ஆல வகுபடும். உதாரணத்துக்கு 1357 அப்புறம் ஒரு இலக்கம் தெரியல, கடைசில 5னு வைங்க, 0ல இருந்து 9 வரைக்கும் போட்டு கால்குலேட்டர்ல வகுத்துப் பாருங்க, 135795 மட்டும்தான் சரியா வகுபடும். தேஞ்ச இலக்கம் 9தான். கீயை அடிக்கும்போது தப்புன்னு வந்தாலும் இதே மாதிரி ஒவ்வொரு குரூப்பா வகுத்துப் பார்த்தா எங்க தப்புன்னு புரிஞ்சிடும்.

திறந்த உடனே வேற வேலை எதுவும் பார்க்காம முக்கியமானதை எல்லாம் இன்னொரு டிஸ்க்குல காப்பி பண்ணுங்க. அப்புறம் எக்ஸ்டர்னல் டிரைவ்னா, கன்ட்ரோல் பேனல்ல அதே பிட்லாக்கர் பக்கத்துல சேஞ்ச் பாஸ்வேர்ட் உள்ள போய், மறந்த பாஸ்வேர்டை ரீசெட் பண்ற ஆப்ஷன்ல புதுசு போட்டுக்கலாம்.

கீ எங்கயுமே இல்லன்னா மைக்ரோசாஃப்ட்டாலயும் அதைத் திரும்ப உண்டாக்கிக் கொடுக்க முடியாது. கீயே இல்லாம திறந்து தர்றோம்னு விக்கற சாஃப்ட்வேருக்கு தயவு செஞ்சு காசு கொடுக்காதீங்க, என் ஃப்ரெண்ட் ஒருத்தர் கொடுத்து ஏமாந்துட்டார். டிஸ்க்கை அவசரமா வேற வேலைக்கு வேணும்னாத்தான் ஃபார்மேட், இல்லன்னா எடுத்து ஓரமா வச்சிடுங்க, ரெண்டு மாசம் கழிச்சு ஏதோ பழைய மெயில்ல கீ கிடைச்சவங்க இருக்காங்க.

சர்வீஸுக்குக் கொடுக்கப் போறவங்க, பயாஸ் அப்டேட் பண்ணப் போறவங்க, அதுக்கு முன்னாடியே கீயை எடுத்து பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. பூட்டை தற்காலிகமா நிறுத்தி வைக்கற சஸ்பெண்ட் ப்ரொடெக்ஷன் ஆப்ஷன் உங்க விண்டோஸ்ல இருந்தா அதையும் அமுக்கிட்டுக் கொடுங்க, லேப்டாப் திரும்பி வந்ததும் மறக்காம ரெஸ்யூம் பண்ணுங்க.