நீலமாக எரிந்தால் போதுமா? காற்றுக்குழாய்ப் புற ஊதா விளக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடத்துக்குக் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஏ.எச்.யூ. இயந்திரத்தின் சிறிய கண்ணாடிச் சன்னல் வழியே பராமரிப்பாளர் எட்டிப் பார்க்கிறார். உள்ளே நீல ஒளி தெரிகிறது. பதிவேட்டில் "சரி" என்று குறித்துவிட்டுப் போகிறார். காற்றுக்குழாய்களில் புற ஊதா விளக்கு பொருத்திய கட்டடங்களில் மிகப் பரவலாக நடக்கும் தவறு இதுதான். கிருமியைச் செயலிழக்க வைக்கும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. பாதரச விளக்கு உமிழும் அந்தக் கதிரின் அலைநீளம் சுமார் 254 நானோமீட்டர். நாம் காணும் நீலம் அதனுடன் சேர்ந்து வரும் உபரி வெளிச்சம்தான். விளக்கு பழையதாக ஆக, புற ஊதா வீச்சு தேய்ந்துகொண்டே போகும். நீலம் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

இத்தகைய விளக்குகளுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் பயன்காலம் சுமார் 9,000 மணி நேரம். இரவு பகலாக எரிந்தால் ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய தேதியை இயந்திரத்தின் மீதே எழுதி ஒட்டுங்கள். முடிந்தால் புற ஊதா அளவியை உள்ளே நிரந்தரமாகப் பொருத்துங்கள்.

இதைவிட ஆழமான தவறு ஒன்று வடிவமைப்பிலேயே நிகழ்கிறது. புற ஊதாக் கதிர் கிருமியின் டி.என்.ஏ.வையோ ஆர்.என்.ஏ.வையோ சிதைத்து, அது பெருக முடியாமல் செய்கிறது. அதற்குக் குறிப்பிட்ட அளவு கதிர் கிருமியின் மேல் பட வேண்டும். கதிரின் செறிவை, அது படும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பதே அந்த அளவு. குழாயில் காற்று நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். கதிர் பாயும் பகுதியின் நீளம் 60 சென்டிமீட்டர் என்றால், ஒரு கிருமி அதைக் கடக்க ஏறத்தாழ கால் நொடிதான் ஆகும். வேலை முழுவதும் அந்தக் கால் நொடிக்குள் முடிய வேண்டும்.

அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரே, ஓடும் காற்றைத் தூய்மையாக்கச் சதுர சென்டிமீட்டருக்கு 1,500 மைக்ரோஜூல் என்ற அளவை இலக்காகச் சொல்கிறது. கால் நொடியில் அதை எட்ட, சராசரிச் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 6,000 மைக்ரோவாட் இருக்க வேண்டும். காற்றைக் குளிர்விக்கும் உலோகச் சுருளில் (குளிர்ச்சுருள்) பாக்டீரியாவும் பூஞ்சையும் படியாமல் காக்கும் விளக்குக்கோ, அதாவது சுருள் விளக்குக்கோ, 50 முதல் 100 மைக்ரோவாட் போதும். சுருளில் ஒட்டியிருக்கும் கிருமி எங்கும் ஓடப்போவதில்லை. மணிக்கணக்கில் கதிர் படலாம். காற்றில் போகும் கிருமிக்கு அந்த அவகாசம் இல்லை. சுருள் விளக்கைப் பொருத்திவிட்டு "எங்கள் கட்டடத்துக் காற்று கிருமி நீக்கப்பட்டது" என்று அறிவிப்பது மக்களுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுப்பதாகும். சுருள் விளக்கு நல்லதுதான்; சுருள் சுத்தமாக இருக்கும், காற்றும் தடையின்றி ஓடும். ஆனால் அதன் வேலை வேறு.

விளக்கு பொருத்திய பிறகு விசிறியின் வேகத்தைக் கூட்டுவதும் இதே கணக்கில்தான் மாட்டுகிறது. ஒரு முறை கடக்கும்போது 90 சதவீதக் கிருமிகளை அழிக்கும்படி வடிவமைத்த அமைப்பில் வேகத்தை இரட்டிப்பாக்கினால், கதிர் படும் நேரம் பாதியாகிவிடும். நூற்றில் 10 தப்பிய இடத்தில் இனி 32 தப்பும். பெட்டியின் மேல் "99.9 சதவீதம்" என்று அச்சிட்டிருந்தால், எந்தக் கிருமி, எந்த வேகத்தில் என்று கேளுங்கள். பல வைரஸ்கள் எளிதில் வீழ்ந்துவிடும். ஆஸ்பர்கில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் அதைவிடப் பல மடங்கு கதிரைத் தாங்கும்.

விளக்கை வடிகட்டிக்கு முன்னால் வைத்தால் தூசி படிந்து வீச்சைத் தின்றுவிடும். கதிர் நேரே விழும் இடத்தில் சாதாரணச் செயற்கை இழை வடிகட்டியோ ரப்பர் பட்டையோ மின்கம்பி உறையோ இருந்தால், அவை மெல்ல நைந்து உதிரும். குளிர்ந்த காற்று வேகமாக மோதினாலும் பாதரச விளக்கின் வீச்சு குறையும். எனவே ஓடும் குளிர்காற்றில் அளந்த வீச்சு எவ்வளவு என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

1950களின் பிற்பகுதியில், பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றின் காசநோய்ப் பிரிவிலிருந்து வெளியேறிய காற்றை ரிச்சர்ட் ரைலி குழுவினர் கினி எலிகளின் கூண்டுகளுக்குச் செலுத்தினார்கள். கதிர் படாத காற்றைச் சுவாசித்த எலிகளுக்குக் காசநோய் தொற்றியது. கதிர் பட்ட காற்றைச் சுவாசித்தவை தப்பின. இந்த ஆய்வின்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த எலிகள் குழாயின் மறுமுனையில் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் இருமினால், அந்தக் காற்று குழாய்க்குப் போகும் முன்பே மற்றவரை அடைந்துவிடும். குழாய் விளக்கு காப்பது முக்கியமாக, திரும்பச் சுழலும் காற்று வழியே பரவும் தொற்றிலிருந்துதான். வெளிக்காற்றை மட்டுமே உள்ளே அனுப்பும் அமைப்பில் அதற்குப் பெரிய வேலை இல்லை. விளக்கு வந்துவிட்டதே என்று மின்செலவை மிச்சப்படுத்த வெளிக்காற்றைக் குறைப்பதை நான் மிகவும் அஞ்சுகிறேன். புற ஊதாக் கதிர் கரியமில வாயுவை நீக்காது, தூசியைப் பிடிக்காது.

கடைசியாக, உயிருள்ள மனிதர்களின் கண்கள். விளக்கு எரிகிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்து தலையை நீட்டுவோர் இருக்கிறார்கள். அப்போது வலி தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல எரியும். வெல்டிங் செய்பவர்களுக்கு வரும் அதே துன்பம். கதவைத் திறந்தவுடன் விளக்கைத் தானே அணைக்கும் சுவிட்ச் ஒவ்வொரு கதவிலும் இருக்க வேண்டும். அதைக் கம்பி கட்டி முடக்கி வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும், அதனால் அந்தச் சிறு சன்னல் வழியே பார்ப்பதில் ஆபத்தில்லை. 185 நானோமீட்டர் கதிரையும் வெளிவிடும் விளக்குகள் ஓசோனை உண்டாக்கும். மனிதர் சுவாசிக்கும் காற்றுக்கு அவை வேண்டாம். கழற்றும் விளக்குகளில் பாதரசம் இருக்கிறது. மாற்றும் நாளில் அவற்றை உடையாமல் எடுத்து, அபாயக் கழிவாகத் தனியே ஒப்படையுங்கள்.