பண்டல் குவியலைக் குறைத்த கதை

திருப்பூரில் சிறிய பவர்டேபிள் யூனிட், அதாவது மின்தையல் மெஷின்களில் துணி தைத்துக் கொடுக்கும் பட்டறை, நடத்துகிறேன். ஒவ்வொரு ஆர்டரும் தாமதம். டெய்லர்கள் மெதுவாகத் தைக்கிறார்கள் என்று நினைத்து அவர்களைத்தான் விரட்டினேன். அது என் தவறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் தரையில் பண்டல் பண்டலாகக் கிடந்த, தைத்து முடியாத துணிகளை எண்ணினேன். ஏறக்குறைய 3,000 பீஸ். நாளொன்றுக்கு முடிந்து வெளியே போவது 600. வகுத்துப் பார்த்தால் இன்று வெட்டிய துணி ஐந்து நாள் கழித்துத்தான் பேக்கிங்குக்கு வரும், யார் எவ்வளவு ஓடினாலும். 1961இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இதுதான். கான்பன் அட்டையை (அடுத்த பிரிவு கேட்டால் மட்டும் முந்தைய பிரிவைச் செய்யச் சொல்லும் அட்டை) வைத்துக் கார் கம்பெனியான டொயோட்டா 1950களிலேயே கட்டுப்படுத்தியதும் இந்தக் குவியலைத்தான்.

ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினுக்கும் அடுத்து மடிப்புத் தைக்கும் பேட்லாக் மெஷினுக்கும் நடுவே சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டேன். கட்டம் நிரம்பினால் ஓவர்லாக் நிற்க வேண்டும். கட்டிங்கும் நிற்க வேண்டும். "கத்தரியைக் கீழே வைக்கவா சம்பளம் தருகிறீர்கள் முதலாளி?" என்றார் கட்டிங் மாஸ்டர். கோபம் நியாயமானதுதான். அதைவிடப் பெரிய சிக்கல் பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி: மெஷின் நின்றால் ஓவர்லாக் டெய்லருக்குக் கூலி போகும். அவர்களை ஷிப்ட் சம்பளத்துக்கு மாற்றி, இருவருக்குப் பேட்லாக் பழக்கினேன். கட்டம் நிரம்பியதும் அவர்கள் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் வாரம் கைக்காசு கரைந்தது, மறைக்கவில்லை.

இப்போது தரையில் 1,200 பீஸ்தான், இரண்டு நாளில் வெளியேறுகிறது. தையல் பிழையும் அன்றே கண்ணில் படுகிறது. சாக்பீஸ் கோடு அடிக்கடி அழிந்துவிடுவதால் பெயின்ட் அடித்துவிட்டேன்.