மொட்டை மாடியில் சூரியக் கடிகாரம்: கடலூர், புதுச்சேரி அளவுகளுடன்

சூரியக் கடிகாரம் செய்யப் படம் தேடினால் முதலில் வந்து நிற்பது, வட்டத் தட்டின் நடுவே முக்கோணத் தகடு நட்ட வகை. அதை அப்படியே பார்த்துச் செய்யாதீர்கள். தரையில் கிடத்தும் அந்த வகையில் மணிக்கோடுகளுக்கு இடையிலுள்ள கோணம் ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. பாரிஸ், லண்டன் பக்கம் அட்சரேகை 50 டிகிரியை ஒட்டியிருப்பதால் கோடுகள் தாராளமாக விரியும். கடலூர் 11°45′. இங்கே கணக்குப் போட்டால் 11 மணிக் கோடு உச்சிக் கோட்டிலிருந்து 3.1 டிகிரியில் விழும். 10 மணிக் கோடு 6.7 டிகிரியில். காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை நான்கு மணி நேரமும் 14 டிகிரிக்குள் அடைந்து கிடந்தால் யாருக்குப் படிக்க வரும்?

நமக்கு வாகானது துருவத் தட்டு வகை. பலகையைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து, அதன்மேல் சற்று உயரத்தில் வடக்கு தெற்காக ஒரு கம்பியை ஓடவிட வேண்டும். அட்சரேகை சிறியது என்பதால் பலகை கிட்டத்தட்டப் படுத்த மாதிரியே இருக்கும். கோடுகள் எல்லாம் இணைகோடுகள் என்பதால் பாகைமானியே தேவையில்லை, அளவுகோல் போதும்.

பலகைக்கு 60 × 30 செ.மீ. சுவர் டைல் ஒன்று எடுங்கள். வெள்ளை அல்லது சந்தன நிறம், மேட் வகை. பளபளப்பு டைலில் வெயில் கண்ணைக் கூசும், நிழலின் ஓரமும் சரியாகத் தெரியாது. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் கடப்பாக்கல் துண்டு கனமாக, உறுதியாக இருக்கும்தான். ஆனால் கறுப்பில் நிழலைத் தேட வேண்டியிருக்கும்.

கம்பி 6 மி.மீ. கனம், 30 செ.மீ. நீளம், எவர்சில்வர். கட்டடக் கம்பி உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து டைலில் கறை வடிக்கும். சைக்கிள் ஸ்போக் நேராக இருக்கிறதே என்று பலரும் அதை மாட்டிவிடுகிறார்கள். உச்சி வேளையில் நன்றாகத்தான் தெரியும். காலை ஏழு மணிக்கு நிழல் காணாமல் போகும். சூரியன் வானத்தில் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் 2 மி.மீ. கம்பியின் அடர்நிழல் சுமார் 21 செ.மீ. தூரத்தோடு முடிந்துவிடும். ஏழு மணிக்கு நிழல் பயணப்பட வேண்டிய தூரம் 29 செ.மீ. 6 மி.மீ. கம்பிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இனி கோடுகள். டைலை நீளவாக்கில் கிழக்கு மேற்காக நினைத்துக்கொண்டு, சரியாக நடுவில் வடக்கு தெற்காக ஒரு கோடு போடுங்கள். அது 12 மணி. கம்பியின் உயரம் 7.5 செ.மீ. என்று வைத்தால், ஒவ்வொரு மணிக்கும் 15 டிகிரி வீதம், நடுக்கோட்டிலிருந்து தூரம் 7.5 × டேன் கோணம்:

11, 1 மணி: 2.01 செ.மீ.
10, 2 மணி: 4.33 செ.மீ.
9, 3 மணி: 7.50 செ.மீ.
8, 4 மணி: 12.99 செ.மீ.
7, 5 மணி: 27.99 செ.மீ.

அரை மணிக் கோடுகள் நடுவிலிருந்து முறையே 0.99, 3.11, 5.76, 9.77, 18.11 செ.மீ. தூரத்தில் வரும். இரண்டு மணிக்கோடுகளுக்குச் சரிபாதியில் அரை மணிக் கோட்டைப் போடாதீர்கள். 7-க்கும் 8-க்கும் நடுவே அப்படிப் போட்டால் கடிகாரம் கிட்டத்தட்டப் பத்து நிமிடம் பொய் சொல்லும். காலை மணிகள் மேற்குப் பக்கம், மாலை மணிகள் கிழக்கு. வடக்கு நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் 7, வலக்கைப் பக்கம் 5. எண்களை மாற்றி எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மார்க்கர் பேனா வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். பென்சிலால் போட்டுச் சரிபார்த்தபின் மெல்லிய தூரிகையால் எனாமல் பெயிண்ட்.

கம்பியைத் தாங்க, 12 மி.மீ. பிவிசி பலகையில் 3 செ.மீ. அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, டைல் மேற்பரப்பிலிருந்து துளையின் மையம் 7.5 செ.மீ. வருமாறு துளையிடுங்கள். கம்பியின் அடிப்பக்கம் அல்ல, மையம். வடக்கு, தெற்கு ஓரங்களில் நடுக்கோட்டின்மேல் நிறுத்தி அரால்டைட் வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். இங்கே அவசரம் ஆகாது. கம்பி நடுக்கோட்டை விட்டு 1 மி.மீ. விலகினால் உச்சியில் 3 நிமிடம் பிழை.

சாய்வுக்கு இரண்டு செங்கோண முக்கோணத் துண்டுகள்: அடி 29.4, உயரம் 6.1, சாய்வுப் பக்கம் 30 செ.மீ. இது கடலூருக்கு. புதுச்சேரிக்கு உயரம் 6.2; ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். உயர்ந்த பக்கம் வடக்கே இருக்க வேண்டும்.

மாடியில் இடம் பார்க்கும்போது தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர் இரண்டின் நிழலும் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். வடாம் காயவைக்கும் இடம்தான் பெரும்பாலும் சரியான இடமாகவும் இருக்கும். வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாடியும் மட்டமில்லை. மழைநீர் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஆகவே கிழக்கு மேற்கில் ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை அடியில் சில்லு கொடுங்கள். இந்தக் கடிகாரத்தில் மிக முக்கியமான வேலை இதுதான்: கிழக்கு மேற்கில் ஒரு டிகிரி சாய்ந்தால் நான்கு நிமிடம் போச்சு. வடக்குத் திசையில் அதே ஒரு டிகிரி பிசகினால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது.

அதற்காக வடக்கைப் போன் திசைகாட்டியில் பார்க்க வேண்டாம். கூரைக்குள் இருக்கும் கம்பிகள் அதை இழுக்கும். கொத்தனாரின் தூக்குக்குண்டு நம்பகமானது. கீழே உள்ள பட்டியலில் அன்றைய நிமிடத்தை எடுத்து 12 மணியோடு கூட்டினால் அதுவே உச்சி நேரம். பொங்கலன்று என்றால் 12.20. அந்த நிமிடம் நூலின் நிழல் தரையில் விழும் கோடு துல்லியமான வடக்கு தெற்கு. சாக்பீஸால் கோடிட்டு, டைலின் 12 மணிக் கோட்டை அதற்கு இணையாக வையுங்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி இதற்கு ஏற்ற காலம். ஏப்ரலில் உச்சி வேளை நூலுக்கு நிழலே இராது. அப்போது பழைய சங்கு முறைதான். 30 செ.மீ. குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதே ஆரத்தில் வட்டம் போட்டு, நிழலின் நுனி காலையிலும் பிற்பகலிலும் வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளைச் சேர்த்தால் கிழக்கு மேற்கு கிடைக்கும்.

நிழல் காட்டுவது நம் ஊர்ச் சூரியன் நேரம். இந்திய நேரம் 82°30′ தீர்க்கரேகைக்கு உரியது. கடலூர் 79°46′-இல் இருப்பதால், டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 11 நிமிடம் பின்தங்குவோம். புதுச்சேரிக்கும் அதே 11தான். இதோடு, பூமியின் பாதை நீள்வட்டம் என்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் வரும் ஏற்ற இறக்கம் வேறு. இரண்டையும் சேர்த்து, நிழல் மணியோடு கூட்ட வேண்டிய நிமிடங்கள்:

ஜனவரி 15: 20
பிப்ரவரி 11: 25
மார்ச் 15: 20
ஏப்ரல் 15: 11
மே 15: 7
ஜூன் 13: 11
ஜூலை 15: 17
ஆகஸ்ட் 15: 15
செப்டம்பர் 1: 11
அக்டோபர் 1: 1
நவம்பர் 3: ஐந்தரை நிமிடம் கழிக்க வேண்டும்
டிசம்பர் 1: 0
டிசம்பர் 25: 11

இடைப்பட்ட நாட்களுக்கு விகிதப்படி பிரித்துக்கொள்ளலாம். நிழலின் ஓரத்தைப் படிக்காமல் நடுவைப் படியுங்கள்.

காலை ஒன்பது, உச்சி, மாலை மூன்று என மூன்று வேளை கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் குறை எங்கே என்று தெரிந்துவிடும். மூன்றிலும் ஒரே அளவு பிழை என்றால் ரசமட்டத்தைத் திரும்பப் பாருங்கள். காலையில் பின்தங்கி, மாலையில் அதே அளவு முந்தினால் கம்பி 7.5-ஐ விட உயரம். தலைகீழாக இருந்தால் தாழ்வு. உச்சியில் பிழை பெரிதாகி ஏழு, ஐந்து மணிப் பக்கம் மறைந்தால் கம்பி நடுக்கோட்டில் இல்லை.

தொடங்குவதற்குத் தை, மாசி நல்லது. வடகிழக்குப் பருவமழையில் ஆரம்பித்தால் பொறுமைதான் சோதிக்கப்படும். வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண 1769 ஜூனில் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீக்கே மேகம் வழிவிடவில்லை.

ஏப்ரல் 21, ஆகஸ்ட் 22 ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரலில் சுமார் 12.10, ஆகஸ்டில் 12.14. பக்கத்தில் ஒரு சொம்பைக் கவிழ்த்து வைத்தால் அதற்கு வெளியே நிழல் விழாது. இந்த இரு தேதிகளுக்கு நடுவே உச்சி நிழல் தெற்கே சாயும். கம்பி டைலின் முழு அகலத்துக்கும் ஓடுவதால் இரண்டு பருவத்திலும் நிழல் பலகைக்குள்ளேயே நிற்கும். கம்பியைக் குட்டையாக வெட்டிவிட்டால் ஜூனில் ஏழு மணி நிழல் 12 செ.மீ. தெற்கே நகர்ந்து பாதி வெளியே போய்விடும்.

டைலைத் தரையோடு சிமெண்ட் வைத்துப் பூசாதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊர் இது. நான்கு மூலைக்கும் பெயிண்டால் அடையாளம் வைத்துவிட்டால், புயல் எச்சரிக்கை வந்ததும் உள்ளே எடுத்து வைத்து, பிறகு அதே இடத்தில் வைக்கலாம். சில்லுகளுக்கும் எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.